தலைக்கு மேல் ஒரு விரற்கடை

கடந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் வரதாபுரத்துப் பெருமாள் எவருடைய தலையையும் தொடவில்லை.

ஊரார் தலையையும் தொடவில்லை; காலனியார் தலையையும் தொடவில்லை. தீர்த்தம் கிடையாது, துளசி கிடையாது, பெருமாள் பாதம் பொறித்த வெள்ளிச் சடாரியும் கிடையாது என்று சித்தூரிலிருந்து வந்த கொரோனாக் கட்டுப்பாடு, பெருமாளின் திருவடிகளையே கட்டிப்போட்டிருந்தது.

புரட்டாசியில் கோயிலைத் திறக்கவேண்டுமானால் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஒருவர் வாயிலில் இருந்தே ஆகவேண்டும் என்று மண்டல அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்; அப்பொறுப்பு, கிராம அலுவலகமான சச்சிவாலயத்தின் நர்சான கல்பனாவிடம் வந்து சேர்ந்தது. காலனியில் பிறந்த பெண், கோயில் மண்டபத்து வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து, ஊராரின் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினாள். அதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். முகக்கவசம் இருந்தபடியால் சுளிப்பில் பாதி வெளியே தெரியவில்லை.

நேற்று மாலைதான் புதுச்செய்தி வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் கோவர்த்தனன் காலனித் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே குரல் கொடுத்தார்.

"சிஸ்டர்! நாளையிலருந்து தீர்த்தம், சடாரி எல்லாம் உண்டு. மண்டல ஆபீசுல பேசியாச்சு. மாஸ்கும் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டமும் மட்டும் இருந்தா போதுமாம்."

"சடாரி எல்லாருக்கும் உண்டா சார்?" என்று கல்பனா கேட்டாள்.

அதற்கு விடை சொல்லாமலே அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தச் சொல்லாத விடையோடுதான் இந்தச் சனிக்கிழமை விடிந்தது.

*

பொன்னியம்மா விடியுமுன்னரே தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டால் தட்டித் தட்டி உலர்த்திக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை கட்டி, நெற்றியில் நாமக்கோடு இழுத்திருந்தாள்.

"இன்னாடி அப்படிப் பார்த்துக்கினு நிக்கிற? பூ ஜாஸ்தியா வெச்சிக்கினனா?" என்று மகளைக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குதும்மா."

கிருஷ்ணப்பா வாசற்படியில் அமர்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். கோவர்த்தனனின் மாந்தோப்பில் காவலும் பராமரிப்பும் அவர் பொறுப்பு. பங்காருபாளையம் மண்டிக்குப் போகும் காய்களில் அவர் கைபடாத காய் கிடையாது. தலையை நிமிர்த்தாமலே மனைவியிடம் சொன்னார்:

"பொன்னி, எப்பவும் போல கடைசியா போலாம். மொதல்ல ஊர்க்காரங்க கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."

"இருந்துட்டுப் போவட்டுமே! வட்டம் போட்டு வெச்சிக்கீறாங்க இல்ல? எந்த வட்டத்துல நான் முன்னால போய் நிக்கிறனோ அது என்னுது. உம் பொண்ணு போட்ட ரூலு."

"நான் போட்டது இல்லம்மா. கவர்மெண்ட்டு போட்டது."

"யாரு போட்டா இன்னா? சுண்ணாம்பு நம்ம வூட்டுது."

கல்பனா சிரித்துவிட்டாள். கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை.

வழக்கம் என்னவெனில், ஊரார் அனைவரும் சேவித்துச் சென்ற பிறகு, நண்பகலுக்கு மேல்தான் காலனியார் கோயிலுக்குள் செல்வர். சட்டமாக எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதாததனாலேயே அழிக்கவும் இயலாமல் இருந்தது. கொரோனா வந்து, ஆறடிக்கு ஒரு வட்டம், அனைவர்க்கும் ஒரே வரிசை, கோயில் திறந்திருப்பதோ காலைப் பொழுது மட்டும் என்று ஆனபின், அவ்வழக்கம் தானாகவே நின்றுபோயிற்று.

பொன்னியம்மா கண்ணாடி முன் நின்று தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டாள்.

"கொரோனா வந்தப்புறம் சாமி சடாரியே வெக்கல. நேத்து ராத்திரியெல்லாம் எனக்கு அதே நெனப்பு. சடாரின்னா சாமி பாதமாச்சே! மனுசத் தல மேல படுமா அது? மேலாலயே காத்தாட்டம் வந்துட்டுப் போவும். அதுக்கே எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துக்கும்டி."

தாய் பொய் சொல்லவில்லை. அவள் கண்டது அதுதான். நண்பகலுக்கு மேல் போனவள், தன் காலனியாரின் தலைகளை மட்டுமே கண்டிருக்கிறாள். பட்டர் சடாரியை எடுப்பார், குனிந்த தலைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்துவார், எடுத்துவிடுவார். அதுவே முறை என்று அவள் இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

கல்பனாவும் அவ்வாறே நம்பியவள்தான். திருப்பதியில் நர்சிங் படிக்கையில், விடுதிக்கு அருகிலிருந்த சிறு பெருமாள் கோயிலுக்குத் தோழிகளுடன் ஒருநாள் போனாள். வழக்கம்போலக் குனிந்தவளின் உச்சியில் வெள்ளி சில்லென்று வந்து அமர்ந்தது. திடுக்கிட்டு, "பட்டுடுச்சே!" என்று பதறினாள். தோழிகள் அதை வேடிக்கையாக எண்ணிச் சிரித்தார்கள். அன்றிரவு அவள் உண்ணவில்லை. ஊருக்கு வந்தபோது தாயிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அந்த மகிழ்ந்த முகத்தைக் கண்டதும் சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

இப்போதும், "அம்மா..." என்று தொடங்கினாள்.

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல. மாஸ்க் எடுத்துக்கோ."

*

கோயில் வரிசை மண்டபத்திலிருந்து தொடங்கி, கொடிமரத்தைச் சுற்றி, வெளிவாயிலைத் தாண்டித் தெருவரைக்கும் நீண்டிருந்தது. வட்டத்துக்கு ஒருவர். முன்வட்டம் காலியானால்தான் பின்வட்டத்தவர் அடியெடுத்து வைக்கலாம். இதைக் கோவர்த்தனனே காலையில் மைக்கில் மூன்று முறை, தமிழிலும் தெலுங்கிலும் சொல்லியிருந்தார்.

கோவர்த்தனனின் மனைவி சுலோசனா பட்டுப்புடவை சரசரக்க வரிசையின் முற்பகுதியில் நின்றாள். அவளுக்கு அடுத்த வட்டத்தில் பொன்னியம்மா. அதற்கடுத்து, வேறு வழியின்றி மனைவியைத் தொடர்ந்து வந்த கிருஷ்ணப்பா. அவருக்குப் பின் காலனியைச் சேர்ந்த செங்கம்மா. அவளுக்குப் பின்னே, பெருமாளுக்குப் படைக்கும் தளிகைத் தூக்கோடு, ஊர்ப் பெரியவர் கங்கையா.

கல்பனா ஒவ்வொரு நெற்றிக்கும் வெப்பமானியை நீட்டி, உள்ளங்கையில் மருந்துநீர் ஊற்றி அனுப்பினாள்.

சுலோசனாவின் முறை வந்தது. அவள் குனிந்தாள். பட்டர் சடாரியை அவள் தலையில் வைத்தார். வெள்ளி விளிம்பு அவளுடைய கொண்டையூசியில் பட்டுக் 'கிணுக்' என்று ஒலித்தது. அதே நொடியில் பொன்னியம்மாவின் கண்கள் விரிந்ததைக் கல்பனா வாயிலிலிருந்தே கண்டாள்.

அடுத்து, பொன்னியம்மா முன்வட்டத்தில் போய் நின்று குனிந்தாள். சடாரி வந்தது, ஒரு விரற்கடை மேலே நின்றது, போயிற்று.

"நகரும்மா" என்றார் பட்டர்.

பொன்னியம்மா நிமிர்ந்தாள். நகரவில்லை.

"சாமி, படலியே."

"என்னம்மா?"

"முன்னால போன அம்மாவுக்குப் பட்டுது. சத்தம் கேட்டுதே. எனக்குப் படல. கை தவறிப் போச்சா சாமி? இன்னொரு தபா வெச்சிடு."

அவள் குரலில் வம்பு இல்லை. கடையில் சில்லறை குறைந்தால் நினைவூட்டுவது போன்ற இயல்பான குரல். பட்டர் தூணோரம் நின்ற கோவர்த்தனனைப் பார்த்தார்.

கோவர்த்தனன் முன்னே வந்தார். "கொரோனாம்மா! இன்னும் முழுசா போவல. எட்டத்துலதான் வெப்பாங்க. நகரு, நகரு. பின்னால ஜனம் நிக்கிது."

"அப்போ அந்தம்மாவுக்கு?"

"அவங்க ரெண்டு ஊசியும் போட்டுக்கினவங்க."

"நானும்தான் ரெண்டும் போட்டுக்கினேன், என் பொண்ணு கையால. உங்களுக்கும் அவதானே அய்யா போட்டா? ஊசியக் கண்டதும் பெருமாளேன்னு கத்துனீங்களாமே!"

வரிசையில் எவரோ களுக்கென்று சிரித்தார். கோவர்த்தனனின் காது சிவந்தது.

"சும்மா பேச்ச வளர்த்தாதே, பொன்னி. கொரோனான்னா கொரோனாதான்."

"சரி அய்யா, கொரோனாதான்" என்றாள் பொன்னியம்மா. ஒரு கணம் யோசித்தாள். அவ்வளவில் அவளுடைய முகம் மாறிற்று. "கொரோனா வர்றதுக்கு முன்ன இன்னாத்துக்குப் படல?"

அவள் மெல்லத் திரும்பி, பின்வட்டத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

கிருஷ்ணப்பா தரையைப் பார்த்தார்.

"உன்னத்தான் கேக்கறேன். தெரியுமா?"

"தெரியும்டி" என்றார் அவர், கேட்டும் கேளாத குரலில். "ஒரு தபா காலையில மாலை குடுக்க வந்தப்போ பார்த்தேன். சொன்னா நீ கோயிலுக்கே வரமாட்டியேன்னு சொல்லல."

பொன்னியம்மாவின் பார்வை அவரைத் தாண்டி வாயிலுக்கு வந்தது. மகளின் முகத்தில் பாதியை முகக்கவசம் மறைத்திருந்தது. மறைக்காத பாதியே தாய்க்குப் போதுமானதாக இருந்தது.

"நீயுமா?" என்றாள்.

கல்பனா தலையசைத்தாள்.

"நல்லா இருக்குது! வூட்டுல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. நான் ஒருத்திதான் இத்தினி வருசமா காத்த வாங்கிக்கினு சிலுத்துக்கினு போயிருக்கேன்."

அழுதுவிடுவாள் என்றே கல்பனா எண்ணினாள். பொன்னியம்மா அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பட்டரின் பக்கம் திரும்பினாள்.

"வை சாமி."

பட்டர் அசையவில்லை. பொன்னியம்மாவும் அசையவில்லை.

பின்னாலிருந்து கங்கையா குரல் கொடுத்தார். "இன்னாய்யா வரிசை நகரல? தளிகை ஆறிப் போவுதே!"

"சிஸ்டர்!" என்று கோவர்த்தனன் அதட்டினார். "உங்கம்மாவ நகரச் சொல்லு. அதுதானே உன் டூட்டி?"

கல்பனா எழுந்து நின்றாள்.

"முன்வட்டம் காலியாகாம யாரும் நகரக்கூடாதுங்கறது மட்டும்தான் சார் என் டூட்டி. மைக்குல நீங்களே சொன்னீங்க."

"அந்த வட்டத்தத்தான் காலி பண்ணச் சொல்றேன்!"

"சடாரி வாங்கினா காலியாயிடும் சார்."

"ஏ, அப்படிப் போடு!" என்று செங்கம்மா பின்னாலிருந்து கைகொட்டினாள்.

கோவர்த்தனன் சுற்றுமுற்றும் நோக்கினார். தெருவரைக்கும் நின்ற வரிசை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊராரில் இருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தனர். அவர் பல்லைக் கடித்தபடி பட்டரிடம் சொன்னார்:

"ஒரு தபா தல மேல வெச்சு அனுப்பிடுங்க சாமி. சனி விட்டுது."

பட்டர் சடாரியை எடுத்தார். வெள்ளி மெல்லத் தாழ்ந்து வந்தது. இத்தனை காலம் வராத தொலைவைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

பொன்னியம்மா உள்ளங்கையை உயர்த்தி அதைத் தடுத்தாள்.

"நில்லு சாமி. எனக்கு மட்டும்னா வாணாம்."

"இப்போ இன்னா?" என்று கோவர்த்தனன் சீறினார்.

"எனக்குப் பின்னால இவரு கீறாரு. இவருக்குப் பின்னால செங்கம்மா கீறா. காலனியில இருந்து எத்தினி பேரு வந்திருக்காங்களோ, அத்தினி பேரு தல மேலயும் படணும். இன்னிக்கி மட்டும் இல்ல, வர்ற சனிக்கெழமையும் படணும். சரின்னு சொல்லுங்க, தலையக் குனியறேன். இல்லன்னா குனிய மாட்டேன்."

"என் கோயில்ல வந்து எனக்கே ரூல் போடறியா?"

"சாமி கோயில்னுதானே போர்டுல எழுதிக்கீது?"

கோவர்த்தனனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "சடாரியே கிடையாது! யாருக்கும் கிடையாது! பட்டரே, திரையைப் போடுங்க!"

திரை விழுந்தது. வெளியே ஊரார் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. 'இவளால் நமக்கும் இல்லாமல் போயிற்று' என்று சிலர். 'அவள் கேட்டதில் என்ன பிழை' என்று சிலர்.

"யாருக்கும் இல்லன்னா எனக்குச் சம்மதம்" என்றாள் பொன்னியம்மா. வெளியேறும் வழியில் நின்றிருந்த சுலோசனாவை நோக்கினாள். "ஏம்மா, நீங்க வாங்கினது மட்டும் பாக்கி நிக்கிது. அத்தத் திருப்பிக் குடுத்துடறீங்களா?"

இம்முறை ஊராரும் சிரித்துவிட்டனர். சுலோசனா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பொன்னியம்மா தன் வட்டத்துக்குள்ளேயே சப்பணமிட்டு அமர்ந்தாள்.

கோவர்த்தனனுக்கு இப்போது ஒரே ஒரு பிடிதான் மிச்சமிருந்தது. அது பொன்னியம்மாவின் பின்வட்டத்தில் கைகட்டி நின்றிருந்தது.

"கிருஷ்ணப்பா!"

"அய்யா."

"உன் பொண்டாட்டிய இட்டுக்கினு வெளிய போ. இல்லன்னா இனிமேட்டு தோப்புப் பக்கம் வராதே."

அந்தத் தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் தந்தை குழி தோண்டியதைக் கல்பனா அறிவாள். எந்த மரம் எந்த வருடம் காய்க்காமல் ஏமாற்றியது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். வெளியே காற்றடித்தால் பாதித் தூக்கத்தில் எழுந்து, "பிஞ்சு கொட்டிடுமே" என்று முனகும் மனிதர்.

கிருஷ்ணப்பா கைக்கட்டை அவிழ்த்தார். அவிழ்த்த கைகளை எங்கே வைப்பதென்று அறியாதவர்போலச் சற்று நேரம் நின்றார். பிறகு நின்ற வட்டத்திலேயே மெல்ல அமர்ந்தார்.

"பூப் பூக்கறதுக்கு முன்ன ஒரு மருந்து அடிக்கணும் அய்யா" என்றார். "வர்ற ஆளுகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"நைனா!" என்று கல்பனா தன்னை அறியாமல் கூவினாள்.

பொன்னியம்மா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "இதான்யா நீ இத்தினி வருசத்துல பேசின மொத பேச்சு" என்றாள். "ஆனா உம்மேல கோவம் போயிடுச்சின்னு நெனச்சிக்காதே. வூட்டுக்கு வா, வெச்சிக்கறேன்."

செங்கம்மா அமர்ந்தாள். கொடிமரத்தைச் சுற்றி நின்ற காலனியார் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வட்டத்தில் அமர்ந்தனர். இடையிடையே நின்ற ஊரார், முன்னேயும் போக இயலாமல், விலகிச் செல்லவும் மனமில்லாமல் தவித்தனர். கங்கையா தளிகைத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"நிக்க முடியல. நானும் உக்காந்துக்கறேன்" என்றார், எவரிடமும் இல்லாமல் பொதுவாக. அமர்ந்தும்விட்டார். முழங்கால் வலியா, மனத்தின் வலியா என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

கோவர்த்தனன் கைப்பேசியைக் காதில் வைத்துத் தெலுங்கில் விரைவாகப் பேசினார். பேசி முடித்து நிமிர்ந்தபோது குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

"புத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டாச்சு. கொரோனா நேரத்துல கூட்டம் கூட்டி கோயில மறிக்கிறாங்கன்னு சொல்லிட்டேன். ஜீப் வருது. முதல்ல உன் வேலைக்குத்தான் உல வெப்பேன், சிஸ்டர்."

கல்பனா வெப்பமானியை நாற்காலியில் வைத்தாள். தூணோரம் இருந்த சுண்ணாம்பு வாளியைக் கையில் எடுத்தாள்.

"எத்தனை பேர் சார் வராங்க?"

"இன்னா?"

"ஜீப்புல எத்தனை பேர் வராங்கன்னு கேட்டேன். அத்தனை வட்டம் போட்டு வைக்கணும் இல்லையா?"

விடைக்குக் காத்திராமல் அவள் வரிசையோரமாகவே நடந்தாள். கொடிமரத்தைக் கடந்து, வெளிவாயிலைக் கடந்து, தெருவில் வரிசை முடியும் இடத்துக்கு வந்தாள். அங்கே குனிந்து முதலில் தனக்கென ஒரு வட்டம் போட்டாள். அதற்கு ஆறடி தள்ளி இன்னொன்று. அதற்கும் ஆறடி தள்ளி மற்றொன்று.

கடைசியாக நின்றிருந்த ஊர்க்காரர் ஒருவர் வியப்போடு கேட்டார். "போலீசுக்குமாம்மா வட்டம்?"

"கோயிலுக்கு யார் வந்தாலும் வரிசையிலதான் வரணும், அண்ணா."

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஜீப்பின் ஒலிப்பான் கேட்டது. கல்பனா வாளியைக் கீழே வைத்தாள். சுண்ணாம்புக் கையை உதறினாள். தன் வட்டத்துக்குள் போய் நின்றாள்.